அப்பாவுக்கு அயர்லாந்தில் முப்பதாம் நாள் பூசை

பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் துடைத்து வைக்கலாம் என்று போன வாரம் பரணிலிருந்து இறக்கினேன். பின்பக்கத்தில் அப்பா தன் கைப்பட மார்க்கர் பேனாவால் எழுதிய 'கோயில்' என்கிற சொல் பாதி அழிந்து கிடந்தது. கடைச் சாமானோடு கலந்துவிடக் கூடாது என்று 2020-இல் எழுதியது. அதைப் பார்த்ததும் வேலை ஓடவில்லை. இதையெல்லாம் ஒரு தடவை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், முள்ளோடைக்குக் கொஞ்சம் முன்னால், தமிழ்நாட்டுப் பக்கம். அப்பா எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் நாற்பது வருடத்துக்கு மேல் கோயில்பிள்ளை. ஒரு சாமியார் பொறுப்பில் இருக்கிற ஊர்களைச் சேர்த்துப் பங்கு என்போம். மணி அடிப்பது, பீடத்துத் துணி, மெழுகுத்திரி, கல்லறைச் சாவி எல்லாம் அவர் பொறுப்பு. அக்கா நர்ஸ். முதலில் புதுச்சேரி, அப்புறம் சவூதி, 2017-இலிருந்து அயர்லாந்தில் மோனகன் என்கிற மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. முட்டைகளை அடுக்கி மேலே புல்லைப் போர்த்திய மாதிரி சின்னச் சின்னக் குன்றுகள், மாடு, மழை, இவ்வளவுதான் தம்பி எங்க ஊரு என்பாள். போன ஒரே வருடத்தில் அதை 'எங்க ஊரு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். எங்கள் மறைமாவட்டத்தின் பெயரே புதுவை–கடலூர். பெயரில் இரண்டு ஊர் இருப்பது போலவே எங்கள் பங்கும் இரண்டு பக்கம் கால் வைத்து நிற்கிறது. கோயிலும் கல்லறையும் தமிழ்நாட்டில், கிளைக் கிராமம் இரண்டு புதுச்சேரியில். சாதாரண நாளில் யாரும் எல்லையை நினைப்பதில்லை. டீ குடிக்க இந்தப் பக்கம், பெட்ரோல் போட அந்தப் பக்கம். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோதுதான் அது எல்லை என்று தெரிந்தது. சாலையில் தடுப்பு வைத்தார்கள், வயல் வழிகளில் சவுக்குக் கட்டை வைத்து அடைத்தார்கள். வடக்குக் கிராமத்தில் இருக்கும் என் சின்னம்மா வீடு நடந்து போனால் இருபது நிமிடம். இரண்டு மாதத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கும் அதே கதைதான். அவள் இருப்பது கிளோகர் மறைமாவட்டம். அதில் மோனகன் அயர்லாந்துக் குடியரசில் இருக்கிறது, பக்கத்து ஃபெர்மானா வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டன் ஆட்சியில். ஒரே ஆயர் (பிஷப்), இரண்டு அரசாங்கம், இரண்டு விதமான சட்டம். மார்ச் 27-ஆம் தேதி இரவு குடியரசில் அறிவித்தார்கள்: வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் காரணமில்லாமல் யாரும் போகக் கூடாது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் வெளியே வரவே கூடாது. போப் பிரான்சிஸ் மழையில் தனியாக நின்று ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் ஜெபித்ததும் அதே நாள்தான். அப்பா அதைச் செய்தியில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. சாமியாரும் அப்பாவும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பூசை. ஒரு இளையோர் பையன் தன் போனில் அதை நேரலையில் விட்டான். அன்று மதியம் அப்பா என்னிடம் கேட்டார்: "போன் இல்லாத கெழவிங்க என்னடா பண்ணுவாங்க? அதுங்களுக்குக் காது இருக்குல்ல?"

சரி என்று கிளம்பினேன். திருவிழா, கல்யாணம் எதுவும் இல்லாமல் கடையே பூட்டிக் கிடந்தது, சாமானுக்குப் பஞ்சமில்லை. காவல் நிலையத்தில் சொல்லி, மாலையில் ஜெபமாலை சொல்ல அரை மணி நேரத்துக்கு அனுமதி வாங்கினோம். மணிக்கூண்டில் இரண்டு கோன் ஸ்பீக்கர் கட்டினேன். ஒன்று தெற்கே ஊரைப் பார்த்து, இன்னொன்று வடக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்து. புறா எச்சம் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது. அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கம்பியை மணிக்கயிறு மேல உரசவிடாதே" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் ஜெபமாலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்பா மைக் முன்னால் நின்று "அருள் நிறைந்த மரியே வாழ்க" சொல்லி நிறுத்தினார். ஒன்றுமில்லை. ஒரு நாய் குரைத்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு குரல், அதன் பின்னால் இன்னொன்று. நடுவயதுக்காரர்கள் "தூய மரியே, இறைவனின் தாயே" என்றார்கள். திண்ணையில் இருந்த பாட்டிகள் பழைய மாதிரி "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று இழுத்தார்கள். இரண்டும் முடிந்தபின் நான் அடுத்ததைச் சொல்லச் சொல்லி ஜாடை காட்டினேன். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு வடக்குப் பக்கமே பார்த்தார். சத்தம் ஒரு கிலோமீட்டர் போக மூன்று விநாடி ஆகும், திரும்பி வர இன்னொரு மூன்று. இது என் தொழில், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது அவருக்குத்தான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் மெல்லிசாக, காற்றில் மிதந்து வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் அடுத்த மணியை உருட்டினார். ஐம்பத்து மூன்று தடவையும் அப்படித்தான். ஆளைத் தடுத்திருந்தார்கள். சத்தம் தினமும் எல்லை தாண்டிப் போய் வந்தது.

இதை அக்காவிடம் சொன்னபோது போனிலேயே அழுதாள். அவளுக்கு அழக் காரணங்கள் நிறைய இருந்தன. மார்ச்சிலேயே அவர்கள் இல்லத்தில் பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் வந்து தோட்டத்தில் நின்று, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே இருந்து போனில் பேசுவார்கள். உள்ளே ஒரு நர்ஸ் அந்த முதியவரின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஏப்ரலில் அவள் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி இறந்துபோனார். தொண்ணூறு வயதுக்கு மேல். அக்காவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "உங்க ஊர்ல மாடு எவ்வளவு பால் கறக்கும்" என்று கேட்பாராம், விவசாயி வீட்டுப் பெண். மூன்று பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் இங்கிலாந்தில். உள்ளூரில் இருந்த மகள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அக்காதான் உள்ளே, முழு உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். அவள் சொன்னது தமிழில். அந்த அவசரத்தில் வேறு மொழி வாயில் வரவில்லை என்றாள்.

அந்த ஊர்ச் சாவு நம் ஊர்ச் சாவு மாதிரிதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளூர் ரேடியோவில் இறந்தவர் பெயரை வாசிப்பார்கள். உடலை வீட்டில் வைத்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள். சுற்று வட்டாரமே வரும், டீயும் சாண்ட்விச்சும் ஓடிக்கொண்டே இருக்கும், இரவில் ஜெபமாலை. வருகிற ஒவ்வொருவரும் வீட்டுக்காரர்களின் கையைக் குலுக்கி, உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். பல கிராமங்களில் குழி வெட்டுவதும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். முப்பதாம் நாள் பூசையும் உண்டு. 2020-இல் அதெல்லாம் போய், அடக்கத்துக்குப் பத்துப் பேர் என்றானது.

பத்துப் பேர்தான் கோயிலுக்குள். அப்படியென்றால் மற்றவர்கள்? அக்கா சொன்னாள்: இல்லத்தின் வாசலில் அங்கே வேலை செய்கிறவர்கள் இரண்டு வரிசையாக, ஆளுக்கு ஆள் தூரம் விட்டு நின்றார்கள். உடலை ஏற்றிய வண்டி நடுவில் ஊர்ந்து போனது. அங்கிருந்து கோயில்வரை, வழியெல்லாம் ஒவ்வொரு வீட்டு கேட் முன்னாலும் அந்தந்த வீட்டு ஆட்கள். டிராக்டரை வயலோரம் நிறுத்தி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர். அந்தப் பங்கில் 'கேலிக்' (Gaelic) என்கிற அயர்லாந்துக் கால்பந்து ஆடும் மன்றத்துப் பையன்கள் தங்கள் சட்டை போட்டுக்கொண்டு சாலையோரத்தில். அதே பையன்கள்தான் வெளியே வர முடியாத பெரியவர்களுக்கு மருந்தும் மளிகையும் கொண்டுபோய் வாசலில் வைத்தவர்கள். அங்கே பெரும்பாலும் பங்கை ஒட்டித்தான் கால்பந்து மன்றமும். வண்டி அந்தப் பாட்டியின் வீட்டு முன்னால் ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் போனது. யாரும் பேசவில்லை, கை குலுக்கவில்லை. "ஆனா எல்லாரும் வந்தாங்கடா" என்றாள் அக்கா. நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "வீட்டு முன்னால நிறுத்துனாங்களா?"

மே மாதம் எங்கள் ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதையும் எழுத வேண்டும். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போயிருந்தவர்கள் லாரியிலும் நடந்தும் கடலூர் மாவட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள், தொற்றும் கூடவே வந்தது. எங்கள் பங்கிலும் சிலர். பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அவர்கள் வீடு இருந்த தெருவில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள் எங்கள் ஆட்கள், தினமும் மாலை ஜெபமாலைக்குப் பதில் சொன்ன அதே ஆட்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. மூன்றாம் நாள் அப்பா மைக்கில், ஜெபமாலைக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இவர்களுக்காக ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் என்றார். திட்டவில்லை. பெயர்களை மட்டும் சொன்னார். மறுநாள் அன்பியம் என்கிற எங்கள் பகுதி ஜெபக் குழுப் பெண்கள் சிலர் அங்கே சாப்பாடு கொண்டுபோனார்கள். முள் மட்டும் ஒரு வாரம் கழித்துத்தான் போனது.

ஜூன் 8-இல் புதுச்சேரியில் கோயில்களைத் திறந்தார்கள். தமிழ்நாட்டில் கிராமத்துச் சின்னக் கோயில்களுக்கு ஜூலை 1, பெரிய கோயில்களுக்குச் செப்டம்பர் 1. இடையில் எங்கள் கிளைக் கிராமத்துச் சிற்றாலயம் திறந்திருக்க, தாய்க்கோயில் பூட்டிக் கிடந்தது. அக்டோபரில் அக்காவுக்கும் அதேதான் நடந்தது: குடியரசில் மறுபடி மூடினார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வட அயர்லாந்தில் பூசை நடந்தது. அந்த வருடம் அவர்கள் மறைமாவட்டத்தின் லாக் டெர்க் தீவு யாத்திரையும் இல்லை. மூன்று நாள் செருப்பில்லாமல் நோன்பிருந்து செய்கிற தவம் அது. எங்கள் பக்கம் ஆகஸ்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களால் நிறைந்திருக்கும். வழியில் பந்தல் போட்டு மோர் கொடுக்கும் இடங்களுக்கு என் மைக் செட்தான் போகும். அந்த ஆகஸ்டில் சாலை வெறிச்சென்று கிடந்தது. திருவிழாவைப் பக்தர்கள் இல்லாமல் நடத்தி, தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

2021 சனவரியில் அக்கா ஊரில் நிலைமை மோசமானது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அந்த நாட்டிலேயே தொற்று மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் மோனகனும் ஒன்று. நாங்கள் அவளுக்காகப் பயந்தோம். எங்களுக்கு வரப்போவது தெரியவில்லை.

மே 4-ஆம் தேதி எங்கள் முன்னாள் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் இறந்தார். என் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுத்தவர். அப்பா அவருக்காக மணி அடித்தார். அதுதான் அவர் அடித்த கடைசித் துக்கமணி. பத்து நாள் கழித்துக் காய்ச்சல். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் காலையில் 93, மாலையில் 86. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கைக்கு வராண்டாவில் ஆறு மணி நேரம் காத்திருந்தோம். கிடைத்தது. நான்காம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். நான் கீழே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நோயில்பூசுதல் கொடுக்கச் சாமியாரை உள்ளே விடவில்லை. அக்கா ஊரில் நடந்த மாதிரி, ஏதாவது ஒரு நர்ஸ் அவர் பக்கத்தில் நின்று ஏதாவது ஒரு மொழியில் ஜெபித்திருப்பாள் என்று நம்ப விரும்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

அடக்கத்துக்கு இருபது பேர் என்றது சட்டம். எங்கள் வீட்டில் வரத் துணிந்தவர்கள் ஆறு பேர்தான். எங்கள் பங்கில் அடக்க ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. ஊர்த்தெருக்காரர்கள் பாடை காலனி வழியாகப் போகக் கூடாது, காலனிக்காரர்கள் பாடை ஊர்த்தெரு வழியாக வரக் கூடாது. நாற்பது வருடம் இரண்டு தெருச் சாவுக்கும் ஒரே மணியை அடித்தவர் அப்பா. அமரர் ஊர்தி ஓட்டுநரிடம் நான் கேட்டேன், இரண்டு தெரு வழியாகவும் மெதுவாகப் போக முடியுமா என்று. அன்பியக் குழுக்களில் ஒரு குரல்பதிவு போட்டேன்: யாரும் வர வேண்டாம், உங்கள் வீட்டு வாசலில் நில்லுங்கள். அக்கா ஊர்க் கதை பலருக்கு ஏற்கெனவே தெரியும், அப்பாவே சொல்லியிருந்தார்.

துக்கமணியை நான் அடித்தேன். ஒரு அடி, அப்புறம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கும்வரை இடைவெளி, அடுத்த அடி. அவர் சொல்லிக் கொடுத்த கணக்கு. முடித்துவிட்டு ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் பைக்கில் சேர்ந்துகொண்டேன். காலை பதினொரு மணி, அயர்லாந்தில் ஆறரை. என் பையன் பின்னால் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தான், அக்கா அதில் இருந்தாள். இரண்டு தெருவிலும் ஆட்கள் நின்றார்கள். சிலர் மெழுகுத்திரியோடு, சிலர் வெறும் கையோடு. முள் வெட்டிப் போட்டவர்களும் நின்றார்கள், முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் நின்றார்கள். எங்கள் வீட்டு முன்னால் வண்டி நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "நிறுத்திட்டாங்களா?" என்று போனில் அக்காவின் குரல் கேட்டது. "நிறுத்திட்டாங்க அத்தை" என்றான் பையன்.

கல்லறையில் நடந்ததை எழுதப்போவதில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசைக்கு எங்கள் கோயில் பூட்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஜூலை 5-ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். அயர்லாந்தில் மே 10-இலிருந்தே ஐம்பது பேர் வரை பூசைக்கு அனுமதித்திருந்தார்கள். அக்கா தன் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். அவர்கள் கோயிலில் தொற்றுக்கு முன்பே பாடகர் மாடியில் கேமரா வைத்திருந்தார்கள், வீட்டோடு கிடக்கிற நோயாளிகளுக்காக. அங்கே காலை பத்து மணி, இங்கே மதியம் இரண்டரை. கடையில் கறுப்புத் திரை கட்டி, போனைப் பெரிய டிவியில் இணைத்து, அம்மாவும் நாங்களும் உட்கார்ந்தோம். வாசலில் பாய் விரித்து நாலைந்து பேர். சின்னம்மா எல்லை தாண்டி வந்திருந்தாள்.

மேலிருந்து பார்க்கிற கேமரா. ஆட்களின் முகம் தெரியாது. நரைத்த தலைகள், ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சு. நான் எண்ணினேன், முப்பத்தியொன்று. அக்கா முதல் பெஞ்சில், புடவையில். அந்தச் சாமியார் அப்பா பெயரை வாசித்தார். இரண்டாவது எழுத்திலேயே தடுக்கினார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த மனிதர் இந்தியாவில் ஒரு கோயிலில் நாற்பது ஆண்டு மணி அடித்தவர் என்றார். அந்த முப்பத்தியொரு பேரும் அப்பாவைப் பார்த்ததே இல்லை. பூசை முடிந்து ஒவ்வொருவராக அக்காவிடம் வந்தார்கள். கை குலுக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு அக்கா சொல்லாமலே தெரியும். அம்மா திரைக்கு எதிரே உட்கார்ந்தபடி, ஒவ்வொருவருக்கும் கைகூப்பிக்கொண்டே இருந்தாள்.

2022 கடைசியில் அக்கா வந்தாள். பெட்டியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் அந்தப் பாட்டியின் போட்டோ, பெயர், தேதி, ஒரு ஜெபம். அங்கே இறந்தவர் நினைவாக இப்படி அச்சடித்துக் கொடுப்பார்களாம், மகள் கொடுத்தது. இப்போது அது அப்பாவின் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாள் பூசைக்கு நாங்கள் கொடுக்கிற பெயர்ப் பட்டியலில் தாத்தா, ஆயா, அப்பாவுக்குப் பிறகு நான்காவதாக அந்தப் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். எங்கள் சாமியாரும் அதில் தடுக்குகிறார்.

போன கல்லறைத் திருநாள் அன்று சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் காலனித் தெருப் பாட்டி ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார், அது யாரு பேரு என்று. சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு எத்தினி புள்ளைங்க?"

"மூணு ஆயா."

"எல்லாரும் வந்தாங்களா சாவுக்கு?"

"ஒருத்திதான். ஜன்னலுக்கு வெளியே நின்னாங்க. ஊரெல்லாம் ரோட்டுல நின்னுச்சு."

பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மெழுகுத்திரிகளில் இரண்டை உருவினார். அப்பா கல்லறை மேல் ஒன்றை ஏற்றி, அதன் தீயிலேயே மற்றதை ஏற்றி, பக்கத்தில் நட்டார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் நிற்கும்வரை கையால் மறைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.